மாடியில் விளையும் மின்சாரம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

    

இந்த மேடையில் இலக்கியம் பேசுவதற்குப் புலவர்கள் இருக்கிறார்கள். சமயம் பேசுவதற்குச் சான்றோர்கள் இருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் வரவு செலவுக் கணக்கோடு பழகிவரும் ஒரு குமாஸ்தாவுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். நம் காலனியின் மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகள் பொருத்துவதா, வேண்டாமா என்னும் கேள்வி வரும் பொதுக்குழுவின் முன் வரவிருக்கிறது. அதற்கு முன்பாகக் கணக்குத் தெரிந்த ஒருவன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அந்தப் பணியை ஏற்று, எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்ல முற்படுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் தனி வீடு வைத்திருப்பவருக்குச் சூரிய மின்சாரம் ஒரு பணக் கணக்கு. மும்பையில் ஒரே கூரையின் கீழ் நாற்பது, ஐம்பது குடும்பங்களாக வாழும் நமக்கோ அது முதலில் ஓர் ஒற்றுமைக் கணக்கு. வெயிலுக்கு விலையில்லை. தகட்டுக்கு விலையுண்டு, அதை விற்பவரே சொல்லிவிடுவார். மாடியோ எவர் ஒருவருக்கும் சொந்தமன்று. அதை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை நாமேதான் முடிவு செய்தாக வேண்டும்.

கதிரவனுக்கு நன்றி செலுத்தத் தமிழனுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தை முதல் நாளன்று தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் நம் தாய்மார்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோடை வந்தால் மொட்டை மாடியில் வடாமும் வற்றலும் காய்கின்றன. அந்த வெயிலை அரிசி மாவில் பிடித்து டப்பாவில் அடைத்து வைத்து, ஆடி மாத மழையில் எடுத்துப் பொரித்து உண்கிறோம். சூரிய மின்தகடும் ஏறக்குறைய அதே காரியத்தைத்தான் செய்கின்றது. அதன் சேமிப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இது நேற்று முளைத்த அதிசயமன்று. ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றும் என்பதை 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கானால் செய்த சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்று கடையில் கிடைக்கும் தகடுகள் நூற்றில் இருபது பங்கு அளவில் மாற்றுகின்றன. பின்னர் வானில் பறக்கும் செயற்கைக் கோளுக்குப் பயன்பட்ட பொருள், இன்று நம் தண்ணீர்த் தொட்டியின் அருகில் வைக்கத்தக்கதாகிவிட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். ஆண்டின் சராசரியாக அது நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் மின்சாரம் தரும். கோடையில் கூடும், ஆனி, ஆடியில் மும்பை மழை கொட்டும்போது வெகுவாகக் குறையும். வெயில் வேறு, வெப்பம் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தகடு ஒளியைத்தான் விரும்புகிறது. சூடேறச் சூடேற அதன் விளைச்சல் சற்றே குறைகின்றது. மும்பை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். நல்ல தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒரு முறையாவது மாற்ற நேரிடும். செலவுக் கணக்கு எழுதுவோர் இதை மறவாது எழுத வேண்டும்.

பகலில் தகடு உழைக்கும்போது நாம் அலுவலகத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். இரவில் நாம் விளக்கேற்றும்போது கதிரவன் இல்லை. அப்படியானால் பகல் விளைச்சல் என்ன ஆகும் என்று ஒரு பெரியவர் கேட்டார். இதற்கு நம் இரயில்வேயிலிருந்தே விடை சொல்லலாம். இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இதே மும்பையில், விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லா வரை ஓடிற்று. அன்றைய வண்டிகள் மேலேயுள்ள கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்க மட்டுமே செய்தன. இன்றைய புறநகர் வண்டிகளோ வாங்குவதோடு நில்லாமல் திருப்பியும் கொடுக்கின்றன. தாதர் நிலையத்தில் நிற்பதற்காக வண்டி வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டார்களே மின்சாரம் உண்டாக்கும் இயந்திரங்களாக மாறி, அந்த மின்சாரத்தைக் கம்பிக்கே அனுப்புகின்றன. அதே வழியில் புறப்படும் இன்னொரு வண்டி அதை வாங்கிக்கொண்டு ஓடுகிறது.

மாடி மின்சாரமும் இவ்வாறே. நமக்கு வேண்டியது போக மிஞ்சியது தெருக் கம்பிக்குப் போகும். பக்கத்துக் கட்டடத்தில் அந்த நேரத்தில் ஓடும் மின்விசிறி அதைக் கொண்டு சுழலும். இரு திசையிலும் எண்ணும் ஒரு மீட்டர், கொடுத்ததையும் வாங்கியதையும் குறித்துக்கொள்ளும். கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்து மீதிக்கு மட்டும் பில் வரும். இம்முறைக்கு மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-இலும், பின்னர் 2019-இலும் விதிகள் வகுத்தது. 2019 விதிகளின்படி, ஒரு மாதம் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்படும். கணக்கு ஆண்டு மார்ச்சு முடிவில் தீர்க்கப்படும். ஆக, ஏப்ரல், மே வெயிலில் சேர்த்ததை ஜூலை, ஆகஸ்டு மழையில் எடுத்துச் செலவிடலாம். வடாம் டப்பா எங்கே என்று சொல்வதாகக் கூறினேன் அல்லவா? அது தெருக் கம்பியிலேயே இருக்கிறது! விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பிலிருக்கும் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாடியில் தகடு வைத்துவிட்டால் மின்தடையே கிடையாது என்று சிலர் நம்புகிறார்கள். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணியளவில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்றது. இரயில்கள் நடுவழியில் நின்றன. அன்று நல்ல பகல் வேளை. ஆயினும் மின்கலம் இல்லாத சாதாரண மாடித் தகடுகளுக்கும் அதே கதிதான். தெருக் கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். மின்தடைக்கும் துணை வேண்டுமென்றால் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வாங்க வேண்டும், செலவு கூடும். மும்பையில் மின்தடை அரிது. ஆதலால் நமக்கு மின்கலம் அவசரத் தேவையன்று என்பது என் எண்ணம்.

தகட்டோடு வாழும் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். திருநெல்வேலிச் சீமையில் என் தமக்கையார் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் தகடுகள் இருக்கின்றன. விடுமுறைக்குப் போனபோது நான் கண்டதைச் சொல்கிறேன். தண்ணீர் மோட்டார் விடியற்காலையில் ஓடிய வழக்கம் போய், இப்போது பதினொரு மணிக்கு ஓடுகிறது. மாவரைப்பதும் துணி துவைக்கும் இயந்திரமும் நண்பகலுக்கு மாறிவிட்டன. மாலை மூன்று மணிக்குப் பக்கத்து வேப்ப மரத்தின் நிழல் இரண்டு தகடுகளின்மேல் விழுந்தது. விழுந்ததோ இரண்டின்மேல், சோர்ந்ததோ வரிசை முழுவதும். சங்கிலியில் ஒரு கண்ணி இறுகினால் முழுச் சங்கிலியும் நின்றுவிடுவதைப் போன்றது அது. மரத்தை வெட்டவில்லை; நிழல் தந்த ஒரு கிளையை மட்டும் கழித்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன் பச்சைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறார்கள். காக்கை எச்சமும் தூசியும்தான் தகட்டுக்குப் பகை. வேறு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால், எல்லாருக்கும் இதில் ஒரே அளவு லாபம் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்கே குறைவாகச் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்குத் தகட்டால் மிச்சமாவது சொற்பம். மும்பையில் மின்கட்டணம் படிக்கட்டு முறையில் இருக்கிறது. நூறு யூனிட் வரை ஒரு விலை. முந்நூறு வரை ஒரு விலை. ஐந்நூறு வரை ஒரு விலை. அதற்குமேல் இன்னொரு விலை. ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும். மாடி மின்சாரம் முதலில் கழிப்பது மேற்படியிலுள்ள விலை மிகுந்த யூனிட்டுகளையே. ஆகவே குளிர்சாதனம் வைத்திருப்பவருக்கு லாபம் அதிகம்; இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் வைத்திருப்பவருக்குக் குறைவு. தனித்தனியாக மாடியைக் கூறு போட்டுக் கொடுத்தால், இருப்பவருக்கே இன்னும் கிடைக்கும். இதை நன்கு சிந்திக்க வேண்டும்.

இதனால்தான், நம் தகடுகள் முதலில் பொது மீட்டருக்கே உழைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தண்ணீர் ஏற்றும் மோட்டார், மின்தூக்கி, மாடிப்படி விளக்கு ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது. மோட்டாரைப் பகலில் ஓட்டலாம். நேராக வெயிலிலேயே தண்ணீர் மேலேறும். எடுத்துக்காட்டாக, மாடியில் இரண்டாயிரம் சதுர அடி கிடைத்தால் இருபது கிலோவாட் வைக்கலாம். நாளொன்றுக்கு எண்பது யூனிட் அளவில், மாதத்துக்கு ஏறக்குறைய 2,400 யூனிட் கிடைக்கும். பொதுச் செலவு குறைந்தால் மாதப் பராமரிப்புத் தொகை குறையும். குறைவது கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் ஒன்றாகவே குறையும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அந்தக் குறைவு போய்ச் சேர வேண்டும் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசின் உதவியும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, தனி வீட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயாக இரண்டு கிலோவாட் வரையிலும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரையில் மானியம் உண்டு. குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். பத்து கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ஆய்வு என்று காத்திருக்க வைக்காமல் ஏற்க வேண்டும் என்றும் அதே மாதம் விதி திருத்தப்பட்டது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் அவரவர்க்கு மின்சாரம் வழங்குவோரிடம். மாட்டுங்கா, தாராவி அன்பர்களுக்கு அது பெஸ்ட். செம்பூரில் அதானி அல்லது டாட்டா.

சில அன்பர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கும் விடை சொல்ல வேண்டும். மேல்மாடி வீட்டார், "தளத்தில் துளையிட்டால் மழையில் எங்கள் கூரை ஒழுகுமே" என்கிறார்கள். நியாயமான அச்சம். துளையிடாமல் சிமெண்டுக் கட்டைகளின் பளுவிலேயே தாங்கு சட்டங்களை நிறுத்தும் முறை இருக்கிறது. ஆனால் அந்தப் பளுவைக் கட்டடம் தாங்குமா என்பதையும், புயற்காற்றைச் சட்டம் தாங்குமா என்பதையும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 2021 மே 17 அன்று, தவுக்தே புயலின்போது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மும்பையில் காற்று வீசியதை நாம் மறக்கவில்லை.

தாய்மார்கள், "வடாம் எங்கே காயப் போடுவது?" என்கிறார்கள். இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. மாடியின் ஒரு பகுதியைத் திறந்தவெளியாக விட்டுவிடுவது என்று வரைபடத்திலேயே குறித்துவிடலாம். ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர், "போட்ட பணம் திரும்புவதற்குள் நான் இருப்பேனா?" என்றார். முதல் போட முடியாதவர்களை வற்புறுத்தலாகாது. நிறுவனமே தன் செலவில் தகடு வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று குறைந்த விலை பெறும் முறையும் இருக்கிறது. இரு முறைகளையும் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

கூடிச் செய்தால் நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையைத் தன் பெயரில் நிறுவியது. ஊருக்கு வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அது பணக்காரர் ஊரன்று. தனி வீட்டுக்கு எட்டாததை ஊர் கூடி எட்டிப் பிடித்தது. அங்கே காற்று, இங்கே வெயில். அவ்வளவே வேற்றுமை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் என் மனம் ஆறாது. நமக்கு ஒரு மாடி இருக்கிறது. அதைப் பற்றி வாதாடுகிறோம். தாராவியில் தகரக் கூரையின் கீழ் வாழும் நம்மவர் ஆயிரமாயிரம் பேருக்கு வாதாடுவதற்கும் மாடி இல்லை. கீழே ஒருவர் குடியிருக்க, ஏணி வைத்து ஏறும் மேலறையில் இன்னொருவர் வாடகைக்கு இருக்கிறார். கூரை யாருடையது, மீட்டர் யார் பெயரில் என்பதே வழக்காகிவிடும் இடத்தில் தகட்டைப் பொருத்துவது எங்ஙனம்? இப்போது மறுசீரமைப்பின் பெயரால் அவர்களில் பலர் உயர்ந்த கட்டடங்களுக்குக் குடிபெயரப் போகிறார்கள். குடிசையில் இருந்தவர் அடுக்கு மாடிக்குப் போனால் வாடகை இல்லையே என்று மகிழ்கிறோம். ஆனால் மின்தூக்கிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் உறைக்கும். கட்ட முடியாத கட்டடத்தில் மின்தூக்கி நிற்கும். எட்டாவது மாடிக்கு மூதாட்டி குடத்தோடு ஏறுவாள். அத்தகைய கட்டடங்களின் மாடியில் தகடு அமைந்து, அதன் வரவு குடியிருப்போரின் பொது மீட்டருக்கே சேருமானால், அது அவர்களுக்குச் செய்யும் தருமம் அன்று. அவர்கள் தலைக்கு மேலுள்ள வெயிலை அவர்களுக்கே உரிமையாக்குவது. இதைக் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், நம் மாடியில் நாம் முதலில் ஒற்றுமையாகச் செய்து காட்ட வேண்டும்.

செம்பூர் அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிராம்பே அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் 1956-இல் ஓடத் தொடங்கியது. இந்நகரின் விளக்குகள் எரிவதற்காக அந்தப் பக்கத்துக் குழந்தைகள் புகையைச் சுவாசித்து வருகிறார்கள். நம் இருபது கிலோவாட்டால் அந்தப் புகைபோக்கி மூடப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவரின் காற்றில் எழுதப்படும் பற்றுக் கணக்கு. அதில் சிறிதளவேனும் நம் மாடியிலேயே வரவு வைக்க முடியுமானால், வைப்பதே முறை.

ஆகவே பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். கட்டடப் பொறியாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் முதலில் வேண்டும். தகடுகள் பொது மீட்டருக்கே இணைக்கப்பட வேண்டும். தாய்மார்களுக்கு உரிய வெயில் இடம் வரைபடத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். மாதந்தோறும் விளைந்த யூனிட்டும், செலவான யூனிட்டும், மிச்சமான பணமும் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் காண எழுதப்பட வேண்டும். கடைசி யோசனையைச் செயற்படுத்தக் கூலியின்றி உழைக்க ஒரு குமாஸ்தா தயாராக இருக்கிறான் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.